பனியாறு காணப் போகிறவர்களுக்கு
வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டியுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லவிருக்கும் சேலத்துப் பெற்றோர்கள் எழுதியவை. ஒரே வினாவைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகன் சியாட்டிலில் பணிபுரிகிறான். வரும் ஜூன் முதல் வாரத்தில் நானும் என் கணவரும் அங்கே செல்கிறோம். அவருக்கு வயது 68, எனக்கு 63. போய்ச் சேர்ந்த உடனே கிளேசியர் பூங்காவுக்கு அழைத்துப் போவதாக மகன் சொல்கிறான். அந்த மலைச் சாலையும் உயரமும் எங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: அம்மா, உயரத்தைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். அந்தப் பூங்காவின் குறுக்கே செல்லும் சாலை தொடுகின்ற மிக உயர்ந்த இடம் லோகன் கணவாய்; அதன் உயரம் 2,026 மீட்டர். நம் ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர், உதகை நகரமோ 2,240 மீட்டர். உதகைக்குப் போய் வந்த உடம்புக்கு லோகன் கணவாய் பெரிய சோதனையாக இராது. உதகையைவிடத் தாழ்வான அந்த இடத்தில் ஜூன் மாதத்திலும் ஆள் உயரத்துக்குப் பனி கிடப்பதற்குக் காரணம், அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 48 பாகைக்கு அப்பால் இருப்பதுதான். ஏற்காடு 12 பாகைக்குள் இருக்கிறது.

கவலைப்பட வேண்டியது மாதத்தைப் பற்றி. 'கோயிங் டு தி சன்' என்று பெயர் பெற்ற, ஏறத்தாழ 80 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலையின் மேற்பகுதி குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் கிடக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் பனியை வெட்டி அகற்ற ஆரம்பிப்பார்கள். கணவாய்க்குக் கிழக்கே ஓரிடத்தில் மட்டும் பனி 80 அடி வரை குவிந்திருக்கும் என்றால் அந்த வேலையின் அளவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். முழுச் சாலையும் திறப்பதற்குப் பெரும்பாலும் ஜூன் கடைசி ஆகிவிடும், சில ஆண்டுகளில் ஜூலை நடுப்பகுதியும் ஆகும். இதை அறியாமல் நான் முதன்முறை ஜூன் இரண்டாவது வாரத்தில் போய், பாதி வழியில் போட்டிருந்த தடுப்புக் கட்டைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஃபிளாஸ்கில் இருந்த காப்பியைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். ஆகவே, சென்றவுடனே போக வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஜூலை மூன்றாவது வாரத்துக்கு மேல் போகலாம். ஆகஸ்டில் காட்டுத்தீயின் புகை மலைகளை மறைத்துவிடும் ஆண்டுகளும் உண்டு. 2017-இல் ஸ்பெர்ரி என்ற பழைய கல் விடுதியே அப்படியொரு தீயில் எரிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. உங்களுக்கு நாள் நெருக்கடி இல்லையென்றால், பள்ளிகள் திறந்து கூட்டம் குறைந்திருக்கும் செப்டம்பர் முதல் பாதியே என் தேர்வு.

சாலையைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஏற்காட்டுப் பேருந்தில் இருபதாவது கொண்டை ஊசி வளைவு முடியும் வரை எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். அந்தப் பூங்காச் சாலையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றே ஒன்றுதான். முதலில் தீட்டிய திட்டத்தில் 15 வளைவுகள் இருந்தன. அத்தனை வளைவுகள் போட்டால் மலையின் முகமே கெட்டுவிடும் என்று தாமஸ் விண்ட் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் வாதிட்டு, பாறைச் சுவரைக் குடைந்து நீண்ட, மெல்லிய ஒரே ஏற்றமாகக் கொண்டுபோகச் செய்தார். 1932-இல் வேலை முடிந்து அடுத்த ஆண்டு திறப்பு விழா நடந்தது. வளைவு குறைந்ததற்கு விலையாகப் பள்ளம் அதிகம்: சாலையின் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் இடுப்பளவுகூட இல்லாத கல் சுவர், அதற்கப்பால் பள்ளத்தாக்கு. அந்நாட்டில் வண்டிகள் வலப்புறம் செல்வதால், மேற்கிலிருந்து ஏறுபவர்கள் பள்ளத்தின் ஓரமாகப் போவார்கள், கிழக்கிலிருந்து வருபவர்கள் பாறையை ஒட்டி வருவார்கள். உங்கள் கணவருக்குக் கீழே பார்த்தால் தலை சுற்றும் என்றால் கிழக்கு வாயிலிலிருந்து தொடங்குங்கள்.

மகனே வண்டி ஓட்டினால் அவர் எதையும் பார்க்க முடியாது. 1936 முதல் 1939 வரை தயாரிக்கப்பட்டு, புது எந்திரத்தோடு இன்றும் ஓடுகின்ற சிவப்புப் பேருந்துகள் 33 அங்கே உண்டு; வானம் தெளிவாக இருந்தால் அவற்றின் துணிக் கூரையைச் சுருட்டிவிடுவார்கள், இருக்கையில் அமர்ந்தபடியே தலைக்கு மேல் உள்ள சிகரங்களைப் பார்க்கலாம். ஒரு நாளாவது அதில் இடம் பிடிக்கச் சொல்லுங்கள். நடக்க முடிந்த அளவுக்கு, பெரிய தேவதாரு மரங்களுக்கிடையே பலகைப் பாதையாகச் செல்லும் ஒன்றரை கி.மீ. சுற்று போதும்; அதில் சக்கர நாற்காலியே போகும். கால் வலுவுள்ளவர்கள் லோகன் கணவாயிலிருந்து ஹிடன் ஏரியைப் பார்க்கும் மேட்டுக்குப் போய் வரலாம். போக வர நான்கரை கி.மீ. அளவுதான், ஆனால் ஜூலையிலும் அந்தப் பாதையில் பனி கிடக்கும்; ரப்பர் செருப்போடு இறங்கிவிடாதீர்கள்.

கட்டண விவரத்தையும் மகன் முன்கூட்டியே பார்த்து வைக்கட்டும். 2026 தொடக்கத்திலிருந்து, அந்நாட்டில் குடியிராத 16 வயது நிரம்பியவர்களுக்கு வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் வசூலிக்கும் பூங்காக்களில் இதுவும் ஒன்று. வண்டிக்கு முன்பதிவு வேண்டுமா வேண்டாமா என்ற விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நாளிதழ்கள் எல்லாம் 'பனிப்பாறை உருகுகிறது' என்று எழுதும்போது நீங்கள் மட்டும் 'பனியாறு' என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே? அந்தப் பூங்காவில் அவை அழிந்துவிட்டன என்றும் இன்னும் இருக்கின்றன என்றும் இருவிதமாகப் படித்தேன். எது உண்மை?
— நிலவியல் மாணவர், ஓமலூர்

பதில்: தம்பி, இரண்டும் ஒன்றல்ல. கடலில் மிதந்து வந்து கப்பலை உடைப்பது பனிப்பாறை. மலையில் ஆண்டாண்டாகப் பெய்த பனி, உருகியதுபோக எஞ்சியது மேலும் மேலும் சேர்ந்து, தன் எடையாலேயே அமுங்கிக் கெட்டியான பனிக்கட்டியாகி, அதே எடையால் சரிவில் மெல்ல நகரத் தொடங்கினால் அது பனியாறு. நகர்வது என்பதுதான் அதன் இலக்கணம். நகராமல் கிடப்பது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெறும் பனித்திட்டுதான். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பை எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே சுருங்கிய பனி பெரும்பாலும் நகரும் வலுவை இழந்துவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு.

ஒரு மதிப்பீட்டின்படி 1850-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஏறத்தாழ 150 பனியாறுகள் இருந்தன. அந்த 25 ஏக்கர் அளவுகோலின்படி 2015-இல் 26 மட்டுமே தேறின. 1966-க்கும் 2015-க்கும் இடையில் அவை சராசரியாக 39 விழுக்காடு பரப்பை இழந்திருக்கின்றன. சில 80 விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்டன. நீங்கள் இருவிதமாகப் படித்ததற்கும் காரணம் உண்டு. 2020-க்குள் எல்லாமே மறைந்துவிடும் என்று பூங்காவிலேயே அறிவிப்புப் பலகைகள் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு வந்தபோதும் பனியாறுகள் இருந்தன, பலகைகளைத்தான் மாற்ற வேண்டியதாயிற்று. உடனே, உருகுவதே பொய் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கணிப்பில் குறித்த ஆண்டு பிழைத்ததே தவிர, அளந்து பார்த்த சுருக்கம் பிழையன்று. கிரின்னெல் பனியாற்றின் கீழ்முனையில் இன்று பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி ஒன்று இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் ஏரி இல்லை, பனியாறே இருந்தது.

நிலவியல் படிப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் அங்கே என்னை மிகவும் கட்டிப்போட்டது. இப்போது காணும் சிறு பனியாறுகள் அந்தப் பள்ளத்தாக்குகளை வெட்டவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், சிகரங்களின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி நிறைந்திருந்த பெரும் பனி வெட்டியவை அவை. ஆறு வெட்டிய பள்ளத்தாக்கின் அடி ஆப்பு போலக் குறுகியிருக்கும். ஏற்காட்டுச் சாலையிலிருந்து எந்த ஓடையைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். பனி இழைத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கு, அடி உருண்ட மாட்டுத் தொட்டி போல அகலமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். செயின்ட் மேரி ஏரியின் கரையில் நின்று மேற்கே பார்த்தால் அந்தத் தொட்டி முழுவதும் ஒரே பார்வையில் அகப்படும். பனியாறுகளை எண்ணுவதற்காக அங்கே போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். சாலையோரத்திலிருந்து தெளிவாகத் தெரிவது ஜாக்சன் பனியாறு, அதுவும் தொலைவில். பனி செய்துவிட்டுப் போன வேலையைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பார்க்கும் இடமெல்லாம் அதுதான்.

பாறையின் வயதில் மட்டும் நம் ஊர்தான் மூத்தது. அந்த மலைகளின் படிவப் பாறைகள் 140 முதல் 150 கோடி ஆண்டுப் பழமையானவை. ஆனால் அவை 80 கி.மீ. அளவுக்குக் கிழக்கே தள்ளப்பட்டு, தம்மைவிட நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் இளைய பாறைகளின் மீது ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் என்ற பாறையோ 250 கோடி ஆண்டை ஒட்டியது. அங்கே மலையைப் பனி சுரண்டியது. இங்கே மழையும் வெயிலும் கரைய வல்லதையெல்லாம் கரைத்துக் கொண்டுபோக, எஞ்சியதுதான் ஏற்காட்டின் மேல்தளத்தில் வெட்டி எடுத்த பாக்சைட் என்ற அலுமினியத் தாது.

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு நடைப்பாதைகளில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். அங்கே கரடிகள் உண்டு என்று கேள்விப்பட்டு என் மனைவி வர மறுக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?
— காப்பித் தோட்டக்காரர், நாகலூர், ஏற்காடு

பதில்: கரடியூர் என்ற பெயரிலேயே ஓர் ஊர் உள்ள மலையில் வாழ்ந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா, ஐயா! ஆனாலும் உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானதே. அங்கே கருங்கரடி, கிரிஸ்லி என இரு இனங்கள் உள்ளன. கிரிஸ்லி மட்டுமே ஏறத்தாழ 300 இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். நிறத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, கருங்கரடியே பழுப்பாகவும் இருக்கும். தோளின் மேல் திமில் போலப் புடைத்திருந்தால் அது கிரிஸ்லி.

நம் மலைக் கரடியிடம் கற்ற பாடம் அங்கும் செல்லும்: கரடியைத் திடுக்கிட வைக்கக் கூடாது. வளைவுகளிலும், ஓடை இரையும் இடங்களிலும், புதர்கள் அடர்ந்த இடங்களிலும் உரக்கப் பேசிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் போக வேண்டும். நான்கைந்து பேராகப் போவது நல்லது. தனியே ஓடிப் பயிற்சி செய்கிறவர்கள்தாம் அதிகம் சிக்குகிறார்கள். கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் குறைந்தது 100 கெஜமும் மற்ற விலங்குகளிடமிருந்து 25 கெஜமும் விலகியிருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. கணவாயில் உலவும் வெள்ளாடுகள் உப்புக்காக மனிதரைத் தேடித் தாமே நெருங்கி வரும்; அப்போதும் நாம்தான் நகர வேண்டும்.

நடைப்பாதையில் பெரியவர் ஒவ்வொருவர் இடுப்பிலும் கரடித் தெளிப்பான் இருக்கட்டும். மிளகாய்க் காரத்தை அழுத்தி அடைத்த குப்பி அது. பைக்குள் போட்டு மூடி வைத்தால் பயனில்லை, கை எட்டும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் முடியாது; அங்கே இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். கரடி எதிர்ப்பட்டால் ஓடவே கூடாது. அதற்கு முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். உங்கள் மனைவி அப்போதும் மறுத்தால், மெனி கிளேசியர் விடுதியின் முன்னுள்ள ஏரியில் படகில் ஏற்றிவிடுங்கள். எதிர்ச் சரிவில் பழம் தின்னும் கரடியைப் பைனாகுலர் வழியே காணும் வாய்ப்பு அங்கிருந்தே கிடைக்கும்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? கார் இல்லாமல் அங்கே போக வழியுண்டா?
— சூரமங்கலம் வாசகர்

பதில்: விடுதிகளில் காய்கறி பர்கரும் சாலடும் கிடைக்கும், சோறு கிடைக்காது. கலிஸ்பெல் நகரத்துக் கடைகளில் வேண்டியதை வாங்கிக்கொண்டு உள்ளே போவது நல்லது. புளியோதரை கட்டிக்கொண்டு போனால் பாத்திரத்தை மேசைமேல் விட்டுவிட்டு எங்கும் நகராதீர்கள்; வாசனைக்குக் கரடி வரும் என்பதால் அது விதிமீறல். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, கைப்பேசிக்குப் பெரும்பாலான இடங்களில் சிக்னல் இருக்காது. சூரமங்கலத்துக்காரர் என்பதால் ரயிலை விட்டுவிட்டுப் பேச முடியவில்லை: சியாட்டிலில் மாலையில் புறப்படும் எம்பயர் பில்டர் ரயில் மறுநாள் காலையில் உங்களை வெஸ்ட் கிளேசியரில் இறக்கிவிடும். எல்லைக்கு அப்பாலுள்ள கனடாவின் வாட்டர்டன் பூங்காவையும் சேர்த்து 1932-இல் உலகின் முதல் பன்னாட்டு அமைதிப் பூங்கா என்று அறிவித்தார்கள் என்றாலும், அங்கே கால் வைக்கக் கனடா விசா தனியாக வேண்டும்.

கேள்வி: அமெரிக்கா செல்லும் வசதி எங்களுக்கு இல்லை. நம் நாட்டிலேயே பனியாறு உள்ள தேசியப் பூங்கா எதையாவது சொல்ல முடியுமா?
— வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: முடியும், அதுவும் அமெரிக்கப் பூங்காவில் உள்ள அத்தனையையும் சிறுபிள்ளை ஆக்கிவிடக்கூடிய பனியாறு. உத்தராகண்டில் கங்கோத்ரி தேசியப் பூங்கா இருக்கிறது. 1989-இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவுக்குள் ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கிறது கங்கோத்ரி பனியாறு. அதன் வாய்தான் பசுவின் முகம் என்று பொருள்படும் கோமுகம். பாகீரதி அங்கிருந்து புறப்படுகிறது.

சேலம் சந்திப்பிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் தில்லி, அங்கிருந்து ஹரித்வார் அல்லது ரிஷிகேசம், பிறகு உத்தரகாசி வழியாகச் சாலையில் கங்கோத்ரி. கோயில் வரை வண்டி போகும். அதற்கு மேல் கோமுகத்துக்கு 18 கி.மீ. நடை. நாளொன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே வனத்துறை அனுமதிச் சீட்டு வழங்குகிறது என்பதால் அதை வாங்கிக்கொண்ட பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். நான்கு கி.மீ. முன்னதாக உள்ள போஜ்பாசாவில் இரவு தங்கி, விடியற்காலையில் கோமுகம் போய்த் திரும்புவதே வழக்கம். பனியாற்றின் முகத்தைக் கண்டதும் பலர் ஏமாந்துபோவார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்தது, மேலே கல்லும் மண்ணும் மூடிச் செம்மண் லாரி கவிழ்ந்ததுபோல அழுக்காக நிற்கும். வெடிப்புகளுக்குள்தான் நீலம் தெரியும். மிக அருகே போய்விடாதீர்கள், வீட்டளவு பனிக்கட்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து விழும்.

அஸ்தம்பட்டி அம்மையாருக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்குச் சொல்ல முடியாது. கங்கோத்ரியே 3,000 மீட்டருக்கு மேல், கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர். 2,500 மீட்டரைத் தாண்டினாலே மூச்சுத் திணறலும் தலைவலியும் வரக்கூடும். ஆகவே வந்து இறங்கிய மறுநாளே நடக்கத் தொடங்காமல் கங்கோத்ரியில் ஒன்றிரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்குங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறாதீர்கள். கீழே இறங்குவதுதான் மருந்து. இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

மே, ஜூன் மாதங்களும் செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் வரையும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி சாலையிலுள்ள தராலி கிராமத்தை மலையிலிருந்து பாய்ந்த வெள்ளமும் சேறும் சில நொடிகளில் மூடியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: கிளேசியர் பூங்காவின் மெக்டொனால்ட் ஏரியில் சிவப்பும் பச்சையுமாகக் கற்கள் கிடக்கும் படத்தைப் பார்த்த என் பேரன், இரண்டு கல் எடுத்து வரச் சொல்கிறான். எடுத்து வரலாமா?
— அம்மாபேட்டை வாசகி

பதில்: கூடாது, அம்மா. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களிலிருந்து கல், பூ, எலும்பு எதையும் எடுத்துச் செல்வது குற்றம். அந்த நிறம் வந்த கதையை வேண்டுமானால் பேரனுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு கல்லிலும் இருப்பது இரும்புதான். ஆழமற்ற நீரில், காற்று படும்படி படிந்த சேறு துருவேறிச் சிவந்தது. காற்று எட்டாத ஆழத்தில் படிந்தது பச்சையாயிற்று. ஏரிக்கரையில் ஒருநாள் மாலை நான் ஒரு சிவப்புக் கல்லை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தேன். கால் மணி நேரத்தில் அது காய்ந்து, நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ஓட்டுச் சில்லைப் போல மங்கிப்போயிற்று. மறுபடி தண்ணீருக்குள் போட்டதும் பழைய நிறம் வந்துவிட்டது.